அண்ணனுக்கும் கணக்கு உண்டு

கேள்வி: வணக்கம் ஐயா. மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுக்கும் சின்ன மில் நடத்துகிறேன். அப்பா 1998-இல் தொடங்கியது. 2019-இல் அவர் தவறியதும் என் பெயரில் புதிதாகப் பதிவு செய்து நடத்தி வருகிறேன். மில் ஓட்டுவது ஓர் அண்ணன். 2003-இல் அப்பாவிடம் சேர்ந்தவர், இப்போது 58 வயது. சொந்தமில்லை, ஆனால் வீட்டில் ஒருவர் மாதிரி. வேலைக் கடிதம் எதுவும் கொடுத்ததில்லை. கைக்கு மாதம் 2,200 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறேன். அதில் 1,200-ஐ மட்டும் சம்பளமாகக் காட்டி இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (வேலை விபத்துக் காப்புறுதி) கட்டுகிறேன். மீதியைக் கையில் கொடு என்று கேட்டவர் அவர்தான். பாக்கெட் போட இரண்டு அக்காக்கள் வாரம் ஆறு நாள் வருகிறார்கள், நாள் கூலி 50 வெள்ளி.

கடை வாடகைக் கடை, மாதம் 900. அப்பாவும் கடைச் சொந்தக்காரரான பழைய தவுக்கேயும் கூட்டாளிகள் (நண்பர்கள்) என்பதால் அக்ரிமெண்ட் போடவில்லை. தவுக்கே இறந்தபின் அவர் மகன் கடையை ஈப்போக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். புது முதலாளி, ‘30 நாளில் காலி செய், இல்லாவிட்டால் பூட்டு மாட்டுவேன்’ என்று வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். 27 வருடம் வாடகை கட்டிய எங்களுக்கு உரிமை இல்லையா? பக்கத்துத் தெருவில் வேறு கடை பார்த்திருக்கிறேன். 1,800 வெள்ளி, ஐந்து வருட அக்ரிமெண்ட் என்கிறார் ஏஜென்ட்.

கடை மாறும்போது புது மெஷின் வாங்கும் எண்ணம் இருக்கிறது, அது வந்தால் ஓட்ட ஆள் தேவையில்லை. அண்ணன் வாடிக்கையாளர் முன்னாலேயே ‘உங்கப்பா இப்படிச் செய்யமாட்டார்’ என்கிறார். தாங்க முடியவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு 5,000 வெள்ளி கொடுத்து அனுப்பிவிடு என்கிறார் மாமா. கடையைச் செண்டிரியான் பெர்ஹாட்டாக (தனியார் கம்பெனியாக) மாற்றினால் பழைய கணக்கெல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கடை போய்விடுமோ என்ற பயம்தான் தெரிந்தது. இரண்டாம் முறைதான் மற்றது கண்ணில் பட்டது. கடையையும் ஆளையும் உங்கள் அப்பா வாய்ப்பேச்சிலேயே வைத்திருந்தார், நீங்களும் அப்படியே தொடர்ந்திருக்கிறீர்கள். இப்போது, 27 வருடம் வாடகை கட்டியதால் கடை மேல் ஒரு பிடி இருக்கும் என்று நம்புகிறீர்கள். காகிதம் எதுவும் இல்லாததால் அண்ணனை லேசாக அனுப்பிவிடலாம் என்றும் நினைக்கிறீர்கள். சட்டத்தில் இது தலைகீழ். காகிதம் இல்லாத வாடகைக்காரருக்கு அங்கே பலம் குறைவு. காகிதம் இல்லாத தொழிலாளிக்குப் பலம் அப்படியே இருக்கிறது.

அவசரத்தை முதலில் பார்ப்போம். பூட்டு மாட்டும் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். வாடகைக் காலம் முடிந்த பிறகும் உள்ளே இருப்பவரைக் கோர்ட் மூலமாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7(2) பிரிவு சொல்கிறது. கிரானில் (நிலப் பட்டாவில்) பெயர் இருக்கிறது என்பதற்காக முதலாளியே சங்கிலியும் பூட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. கரண்டை வெட்டி, தண்ணீரை வெட்டி விரட்டப் பார்ப்பதும் அதே கதைதான். அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். வந்த தேதியும் எண்ணும் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள். ஒருவேளை காலையில் போகும்போது பூட்டு தொங்கினால் உடைக்க வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் செய்யுங்கள். ‘இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று அவர்கள் சொல்லலாம். பரவாயில்லை, நமக்கு வேண்டியது அந்த ரிப்போர்ட்டின் நகல். தடை உத்தரவு கேட்டுப் போகும்போது வக்கீல் முதலில் கேட்கும் காகிதம் அது.

இன்னொரு வேலையையும் இந்த வாரமே முடியுங்கள். அந்தக் கடை லோட்டு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று நில அலுவலகத்தில் தேடல் எடுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் சொத்தை மகன் நினைத்தவுடன் விற்றுவிட முடியாது. நிர்வாக உரிமையை முறைப்படி வாங்கிய பிறகுதான் விற்பனை, அதன் பிறகுதான் பெயர் மாற்றம். கிரானில் பெயர் மாறிப் பதிவாகியிருக்கிறதா என்று தெரியாமல் ஈப்போக்காரரிடம் வாடகையும் கொடுக்காதீர்கள், சாவியும் கொடுக்காதீர்கள். டெப்பாசிட்டை மட்டும் கட்டிவிட்டு முதலாளி தோரணையில் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் மாறியிருந்தால் இந்த மாத வாடகையை அவருக்கு வங்கி வழியாகவே அனுப்புங்கள். அவர் வாங்க மறுத்தால், கொடுக்க முன்வந்ததை எழுத்தில் வையுங்கள்.

சரி, பூட்டு மாட்ட முடியாது என்றால் அப்படியே உட்கார்ந்துவிடலாமா? கூடாது. எழுத்து இல்லாமல் மாதா மாதம் வாடகை கட்டி இருப்பவர் மாத வாடகைக்காரர். முறையான ஒரு மாத அறிவிப்பில் அந்த உறவு முடிந்துவிடும். 27 வருடம் கட்டியது 27 வருட ரசீதுகள், அவ்வளவுதான். அது வளர்ந்து உரிமையாக மாறுவதில்லை. அறிவிப்புக் காலம் முடிந்தும் கடையை விடாமல் இருந்தால், 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின்படி முதலாளி இரட்டை வாடகை கேட்கலாம். உங்கள் 900 வெள்ளி 1,800 ஆகிவிடும். அந்தக் காசுக்கு நீங்கள் புதுக் கடையிலேயே இருக்கலாம்.

தவுக்கே உயிரோடு இருந்தபோதே செய்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. தேசிய நிலச் சட்டப்படி மூன்று வருடம் வரைக்குமான வாடகையைப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் கிரானில் அதைக் குறித்து வைக்க 316-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், கடையை வாங்கித் தன் பெயரில் பதிவு செய்தவரை உங்கள் வாடகை கட்டுப்படுத்தாது. இதைச் செய்து வைத்திருக்கும் கடைக்காரர்களை என் அலுவலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். கூட்டாளியிடம் போய் ‘கிரானில் எழுதலாமா’ என்று கேட்க எல்லாருக்கும் கூச்சம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதும் இல்லை. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டு விற்றார்கள். அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவர்கள் மூட்டை கட்டினார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கப் புறப்பட்டது அதனால்தான். என் தாத்தா கடைசிவரை லயத்து வீட்டை ‘நம்ம வீடு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் அப்பாவும் அந்தக் கடையை அப்படித்தான் நினைத்திருப்பார்.

அதனால் புது முதலாளியிடம் சண்டைக்குப் போகாமல் நாள் கேளுங்கள். கேஸ் போட்டு உங்களை வெளியேற்ற அவருக்கும் மாதங்கள் ஆகும், வக்கீல் செலவும் ஆகும். அது அவருக்குத் தெரியும். மூன்று மாதம், வாடகை ஒழுங்காக, இன்ன தேதியில் சாவி என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் போல்ட் அடித்து நிறுத்தியிருக்கும் மெஷினும் மோட்டாரும் உங்களுடையவை என்று ஒரு வரியை அதில் சேர்க்க மறக்காதீர்கள். சாவியைக் கொடுத்த பிறகு ‘அது கட்டடத்தோடு சேர்ந்தது’ என்ற வாதம் வரும். அப்பா தவுக்கேயிடம் டெப்பாசிட் எதாவது கொடுத்திருந்தால் பழைய வாடகைப் புத்தகத்தில் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். 5,000 வெள்ளிக்குள் இருந்தால் வக்கீல் இல்லாமலேயே மஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை போடலாம்.

புதுக் கடைக்கு வருவோம். ஏஜென்ட் சொல்லும் ஐந்து வருட அக்ரிமெண்ட்டில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடத்தைத் தாண்டினால் அது குத்தகை. 15ஏ பாரத்தில் நில அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் நிலச் சட்டத்தில் அதற்கு முழு மதிப்பு. பதிவு செய்யாத ஐந்து வருட அக்ரிமெண்ட் உங்களையும் இந்த முதலாளியையும் கட்டலாம். நாளைக்கு அவர் வேறு ஒருவருக்கு விற்றால் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். மூன்று வருடம், முடிந்தபின் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை, கிரானில் குறிப்பு என்று கேளுங்கள். முத்திரை வரியையும் கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத அக்ரிமெண்ட்டைக் கோர்ட் சாட்சியாக எடுக்காது. 2025 ஜனவரியிலிருந்து, ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரைக்குமான வாடகைக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 3 வெள்ளி. 1,800 வாடகைக்குக் கணக்குப் போட்டால் 261 வெள்ளி வரும்.

அதைவிட முக்கியமானது, அந்த லோட்டில் மில் ஓட்ட நகராட்சி லைசென்ஸ் கிடைக்குமா என்பது. கிரானில் எழுதியிருக்கும் நிலப் பயன்பாட்டுக்கு அது ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள். மிளகாய் அரைத்தால் தெருவே தும்மும். பக்கத்துக் கடை கிளினிக்காகவோ துணிக்கடையாகவோ இருந்தால் முதல் வாரத்திலேயே புகார் போகும். லைசென்ஸ் கிடைக்காவிட்டால் டெப்பாசிட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று அக்ரிமெண்ட்டில் எழுதி வாங்குங்கள்.

இனி அண்ணன்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் சொன்ன இரண்டுமே உங்களைக் கிணற்றில் தள்ளும் யோசனைகள்.

முதலில், அவர் யாரிடம் எத்தனை வருடம் வேலை செய்தார்? 2019-இல் உங்கள் பெயரில் பதிவு செய்ததால் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. வேலை முடிப்புப் பயன்களுக்கான 1980-ஆம் ஆண்டு விதிகள் முதலாளி மாறுவதை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. விற்பனையால் மாறினாலும் சட்டப்படி கைமாறினாலும், ஆள் அதே வேலையைத் தொடர்ந்தால் பழைய சேவையும் சேர்ந்தே ஓடும். அதே மில், அதே மெஷின், அதே ஆள். அப்பாவின் ஈமக்கிரியை முடிந்து கடை திறந்த அன்று பெல்ட்டை மாட்டியதும் அவராகத்தான் இருப்பார். ஆகவே 22 வருடம். செண்டிரியான் பெர்ஹாட் யோசனையும் இதனாலேயே உதவாது. கம்பெனிக்கு மாற்றினால் அந்த 22 வருடமும் கூடவே கம்பெனிக்குள் வரும். வேறு காரணங்களுக்காகக் கம்பெனி தொடங்குவது நல்லதுதான். இப்போது தனி வியாபாரியாக இருப்பதால் கடைக் கடனுக்கு உங்கள் வீடும் பதில் சொல்ல வேண்டும். அதைப் பிறகு பேசலாம்.

இரண்டாவது, வேலைக் கடிதம் இல்லை என்ற விஷயம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. கொடுக்காமல் விட்டது உங்கள் குறை, அதை வைத்து நீங்களே லாபம் தேட முடியாது. போதாததற்கு, 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத் திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. எழுத்து இல்லாத இடத்தில், நேரத்தை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், கருவி உங்களுடையது, சம்பளம் தவறாமல் கொடுக்கிறீர்கள் என்பது போன்ற அடையாளங்கள் இருந்தால், அவர் தொழிலாளி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பாக்கெட் போடும் அக்காக்களும் இதில் வந்துவிடுவார்கள்.

இப்போது அந்த ராஜினாமாக் கடிதம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெயரும் ஊரும் வேண்டாம். லோரி பட்டறையில் 19 வருடம் இருந்தவர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். கடிதம் நல்ல ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாகவும் நிர்வாகத்துக்கு நன்றி என்றும் இருந்தது. கீழே தமிழில் ஒவ்வோர் எழுத்தாக எழுதிய அவர் பெயர், காகித ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் தடம். ‘என்ன எழுதியிருந்தது என்று கேட்டீர்களா?’ என்றேன். ‘தீபாவளிக் காசு வாங்கினதுக்கு கையெழுத்துன்னு சொன்னாங்க சார்’ என்றார். அந்தக் கடிதத்தை டைப் அடித்தது யார் என்ற ஒரே கேள்விக்கு முதலாளியிடம் பதில் இல்லை. கேஸ் அங்கேயே சரிந்துவிட்டது.

கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய ராஜினாமா, பணிநீக்கமாகத்தான் பார்க்கப்படும். 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில், நீக்கிய 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் அவர் முறையிடலாம். சமரசம் ஆகாவிட்டால் தொழிலியல் நீதிமன்றம். அங்கே தோற்றால் பின்சம்பளம் 24 மாதம் வரை போகலாம், அதாவது 52,800 வெள்ளி. திரும்ப வேலைக்கு எடுக்காததற்கு ஈடாக வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்வது அங்கே வழக்கம். 22 வருடத்துக்கு அது 48,400. அவர் 60-ஐ நெருங்குவதையும் இடையில் வேறு எங்காவது சம்பாதித்ததையும் பார்த்துக் கோர்ட் குறைக்கக்கூடும். எவ்வளவு குறைத்தாலும் மாமா சொல்லும் 5,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

வயதைக் காரணம் காட்டியும் அனுப்ப முடியாது. 2013 ஜூலையிலிருந்து குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதற்குமுன் ‘ரிட்டையர் ஆகிவிடுங்கள்’ என்று சொன்னால் அது தனிக் குற்றம்.

புது மெஷின் வந்தால் ஆள் தேவையில்லை என்கிறீர்கள். உண்மையிலேயே அப்படி என்றால் ஆட்குறைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் சேவை செய்தவருக்கு எட்டு வாரம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆட்குறைப்பைத் தெரிவிக்கும் பிகே பாரம் தொழிலாளர் இலாகாவுக்கு 30 நாள் முன்னதாகப் போக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 20 நாள் சம்பளம். கடைசி 12 மாதச் சம்பளம் 26,400 வெள்ளியை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 72 வெள்ளி 33 காசு. 22 வருடத்துக்கு 440 நாள், ஏறத்தாழ 31,825 வெள்ளி. எட்டு வார அறிவிப்பு கொடுக்காமல் காசாகக் கொடுத்தால் இன்னும் 4,000 சொச்சம் சேரும். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் பயன்தொகையைக் கையில் கொடுக்க வேண்டும். இதற்குத் தயார் என்றால் ஆட்குறைப்பு என்று பேசலாம். அவரை அனுப்பிவிட்டு அடுத்த மாதமே அதே மெஷினில் அக்கா மகனை நிறுத்தினால் அது ஆட்குறைப்பு இல்லை, மறுபடியும் 20-ஆம் பிரிவுதான்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மெஷின் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. ‘உங்கப்பா இப்படிச் செய்யமாட்டார்’ என்ற அந்த ஒரு வரிதான் உங்களைக் குத்துகிறது. அது நியாயமான கோபம். வாடிக்கையாளர் முன்னால் அப்படிப் பேசக்கூடாது என்று சொல்ல முதலாளியான உங்களுக்கு முழு உரிமை உண்டு. கடை மூடியபின் உட்கார வைத்துச் சொல்லுங்கள். தொடர்ந்தால் தேதி போட்டு எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள். அதற்கும் மேலே போனால் முறையாக விசாரணை வைத்து, அவர் பக்கத்தையும் கேட்டுத்தான் எந்த நடவடிக்கையும். ஒரே பட்டணத்துக்குள் கடை மாறுவது வேலையை முடிக்கக் காரணமே ஆகாது. அவர் மோட்டார் சைக்கிளை அடுத்த தெருவில் நிறுத்துவார், அவ்வளவுதான். மில்காரர்களை எனக்குத் தெரியும். மிளகாயை எடுத்து இரண்டாக உடைத்து, சத்தம் சரியாக வரவில்லை என்றால் ‘இன்னும் ஒரு வெயில் காட்டிட்டு கொண்டாங்க’ என்று திருப்பி அனுப்புகிற ஆளை எந்தப் புது மெஷினோடும் சேர்த்துத் தரமாட்டார்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது அந்த 1,200-ஐப் பற்றித்தான். அவரே கேட்டார் என்பது பதில் இல்லை. இபிஎஃப் கட்டாமல் விட இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. 5,000 வெள்ளி வரைச் சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு, தொழிலாளி 11. மறைத்த 1,000 வெள்ளிக்கு மாதம் 240, வருடத்துக்கு 2,880. 2019-இலிருந்து இதே இடைவெளி என்றால் ஆறு வருடத்துக்கு 17,280 வரை, அதற்கு மேல் இலாப ஈவும் தாமதக் கட்டணமும். அன்றைக்கு வெட்டாமல் விட்ட அவருடைய 11 விழுக்காட்டையும் இப்போது உங்கள் பையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும். கட்டாமல் விடுவது மூன்று வருடம் வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம் என்று போகும் குற்றம்.

அந்தச் சம்பளச் சீட்டு உங்களுக்கு எதிரான சாட்சியும்கூட. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் 2025 ஆகஸ்ட் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதற்குமுன் 2023 ஜூலையிலிருந்து 1,500. உண்மையில் 2,200 கொடுத்துவிட்டு, சட்டத்தை மீறுவதாக நீங்களே மாதா மாதம் எழுதிக் கையெழுத்தும் போட்டு வந்திருக்கிறீர்கள். நல்லது செய்து கெட்ட பெயர் வாங்குவது என்றால் இதுதான்.

சொக்சோவை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. மில் பெல்ட்டில் சட்டைக் கை மாட்டினால் போதும். வேலை செய்ய முடியாத நாட்களுக்கு சொக்சோ தருவது நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. எந்தச் சம்பளம்? நீங்கள் எழுதிக் கொடுத்த 1,200. மாதம் 2,200 பார்த்த குடும்பம் அன்றைக்கு எதை வைத்துச் சமாளிக்கும்? அந்த மீதியைக் கேட்டு யார் வாசலில் வந்து நிற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காக்கள் இருவர் பெயரிலும் சொக்சோ இருக்கிறதா? கடிதத்தில் ஒன்றும் சொல்லவில்லை. இல்லாவிட்டால் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். அவர்கள் கூலியும் சரியில்லை. வாரம் ஆறு நாள் வேலைக்கு நாள் கூலி 65 வெள்ளி 38 காசுக்குக் குறையக்கூடாது. நாள் கூலி என்றாலும் வருடாந்திர விடுமுறை, மருத்துவ விடுமுறை, பொது விடுமுறைச் சம்பளம் எல்லாம் உண்டு.

இவ்வளவும் ஒரே மாதத்தில் எப்படிக் கட்டுவது என்று தலை சுற்றும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டச் சொல்லவில்லை. அடுத்த சம்பளத்திலிருந்து முழுத் தொகையையும் காட்டுங்கள், 15-ஆம் தேதிக்குள் இபிஎஃப் கட்டுங்கள். பழைய பாக்கிக்கு, அவர்கள் வந்து பிடிப்பதற்கு முன்னால் நீங்களே இபிஎஃப் அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள். தானாக வந்தவரையும் புகாரில் சிக்கியவரையும் அதிகாரிகள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அண்ணனிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைக்கு வருவது 2,200-இலிருந்து 1,958 ஆகும், சொக்சோ பிடிப்புக்கு இன்னும் சில வெள்ளி குறையும். முகம் சுளிப்பார். அப்போது இன்றுவரை அவர் இபிஎஃப் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கைப்பேசியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். 22 வருட உழைப்புக்கு அது எவ்வளவு சின்னத் தொகை என்று இருவருக்குமே தெரியும்.

மூவருக்கும் வேலைக் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், வாரம் 45 மணி நேரத்துக்கு மேல் போகாத வேலை நேரம், ஓய்வு நாள், விடுமுறை. அண்ணனின் கடிதத்தில் சேர்ந்த தேதி 2003 என்றே இருக்கட்டும். தமிழில் எழுதுங்கள், அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

என்னைப் பார்க்க வருவதாக இருந்தால் நில அலுவலகத் தேடல், அந்த வாட்ஸ்அப், வாடகைப் புத்தகம், வியாபாரப் பதிவு, 2019-இலிருந்து இபிஎஃப் கட்டிய விவரம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். புதுக் கடையின் அக்ரிமெண்ட் நகலில் கையெழுத்துப் போடாமல் கொண்டு வாருங்கள். புதுக் கடையில் மெஷினை எங்கே நிறுத்துவது, பெல்ட் எந்தப் பக்கம் ஓடவேண்டும், தரை தாங்குமா என்று பார்க்க ஒருநாள் அண்ணனையும் கூட்டிப் போங்கள். ஏஜென்ட்டுக்கு அது தெரியாது.